ஸ்விட்ச் யார் சொல்லை நம்ப வேண்டும்? – பாக்கெட் வகைப்பாட்டு விதிகள் குறித்த நாற்பதாண்டு விவாதம்

பத்து ஜிகாபிட் வேகத்தில் இயங்கும் ஒரு ஸ்விட்ச் போர்ட்டுக்கு மிகச் சிறிய ஈதர்நெட் ஃபிரேம்கள் இடைவிடாமல் வந்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 67.2 நானோநொடிதான் இருக்கும். நூறு ஜிகாபிட்டில் அது 6.72 நானோநொடியாகச் சுருங்கும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பாக்கெட்டைப் பற்றியும் ஸ்விட்ச் ஒரு முடிவை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்: இது தொலைபேசிக் குரலா, காணொளியா, கோப்புப் பரிமாற்றமா, இரவில் ஓடும் பேக்கப்பா? இதற்கு விடை இருந்தால்தான் நெரிசல் நேரத்தில் எதை முன்னால் விடுவது, எதைக் காக்க வைப்பது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிக்க முடியும்.

இந்த விடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு இதுவரை பல பதில்கள் வந்துள்ளன. அனுப்புபவரே சொல்லட்டும் என்றது ஒன்று. ஹெடரில் உள்ள எண்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றது இன்னொன்று. பாக்கெட்டைத் திறந்து பார், அதன் நடத்தையைக் கவனி, மையத்தில் ஒருவரைக் கேள், வகைபிரிப்பதையே விட்டுவிடு என்று அடுத்தடுத்து வேறு பதில்களும் வந்தன. மேலோட்டமாக இவை வெவ்வேறு தொழில்நுட்பங்களாகத் தெரியும். அடியில் இருப்பது ஒரே பிரச்சினை என்று தோன்றுகிறது: பாக்கெட்டின் வகையைச் சொல்லும் அதிகாரம் யாருடையது? இக்கட்டுரை அந்தப் பதில்களை இந்தக் கோணத்திலிருந்து அணுகுகிறது.

அனுப்புபவரே சொல்லட்டும்

1981 செப்டம்பரில் வெளிவந்த ஐ.பி. நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 791, ஒவ்வொரு பாக்கெட்டின் ஹெடரிலும் சேவை வகைக்கென்று எட்டு பிட்களை ஒதுக்கியது. முதல் மூன்று பிட்கள் முன்னுரிமையைக் குறித்தன. சாதாரணம், அவசரம், மிக அவசரம் என்று ஏறும் அந்த எட்டுப் படிகளில் அமெரிக்க ராணுவத் தந்திகளின் சாயல் அப்படியே தெரிகிறது. கட்டளைச் சங்கிலி உள்ள நிறுவனத்தில் அவசரம் என்று எழுதும் உரிமை யாருக்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பொது வலையமைப்பில் அப்படி ஒரு சங்கிலி கிடையாது. இந்த வேறுபாடுதான் அடுத்த நாற்பதாண்டுச் சிக்கல்களுக்கு விதை.

எண்பதுகளின் பிற்பகுதியில் என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு வலையமைப்பு 56 கிலோபிட் இணைப்புகளில் திணறியபோது, தட்டச்சு செய்பவர் காத்திருக்காமல் இருக்க டெல்நெட் போக்குவரத்துக்கு முன்னுரிமை தரப்பட்டது. முடிவு வலையமைப்பை நடத்தியவர்களுடையது. பயனாளர் எழுதிய பிட்களை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1998 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 2474, 2475 ஆகிய இரண்டும் டிஃப்சர்வ் என்ற புதிய அமைப்பை முன்வைத்தன. பழைய எட்டு பிட்களில் ஆறு டி.எஸ்.சி.பி. என்ற குறியாக மாறின. மொத்தம் 64 மதிப்புகள். எஞ்சிய இரண்டு பிட்களைப் பின்னர் 2001-இல் நெரிசல் அறிவிப்பு எடுத்துக்கொண்டது. இந்த அமைப்பின் மையக் கருத்து எளியது. வகைபிரிக்கும் கடினமான வேலையை வலையமைப்பின் விளிம்பில் ஒரே ஒரு முறை செய்து, முடிவைக் குறியாக எழுதிவிட வேண்டும். உள்ளே இருக்கும் கருவிகள் குறியை மட்டும் படித்து நடந்தால் போதும். இதற்கு முன் 1994-இல் முன்வைக்கப்பட்ட இன்ட்சர்வ் அமைப்பு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வழிநெடுக இடம் முன்பதிவு செய்யச் சொன்னது. லட்சக்கணக்கான ஓட்டங்களை நினைவில் வைக்கும் சுமையைப் பெரிய ரவுட்டர்கள் ஏற்கவில்லை. டிஃப்சர்வ் நிலைத்ததற்கு அந்தச் சுமை இல்லாததே முக்கியக் காரணம்.

ஸ்விட்ச் மட்டத்தில் இதற்கு இணையானது 802.1கியூ டேக்கில் உள்ள மூன்று பிட் முன்னுரிமை. எட்டே மதிப்புகள். அந்த டேக் இல்லாத இணைப்பில் ஃபிரேம் வெளியேறினால் முன்னுரிமையும் உதிர்ந்துவிடும். ஆகவே ஆறு பிட் குறிக்கும் மூன்று பிட் குறிக்கும் இடையே ஓர் அட்டவணை தேவைப்படுகிறது. பல கோளாறுகள் அந்த அட்டவணையில்தான் ஒளிந்திருக்கின்றன.

குரலுக்கு வழக்கமாகத் தரப்படும் டி.எஸ்.சி.பி. மதிப்பு 46. இருமத்தில் 101110. முதல் மூன்று பிட்களை மட்டும் எடுத்தால் 5 கிடைக்கும். கம்பி வலையமைப்பில் 5 என்பது குரலுக்குப் பழகிய எண் என்பதால் சிக்கல் எழாது. வைஃபையில் 4, 5 இரண்டும் காணொளிக்கான வகைக்குச் செல்கின்றன. குரல் வகைக்கு 6 அல்லது 7 வேண்டும். முதல் மூன்று பிட்களை அப்படியே நகலெடுக்கும் ஓர் அணுகல் புள்ளி, நிர்வாகி கவனமாகக் குறியிட்ட குரலைக் காணொளியோடு சேர்த்துவிடுகிறது. இதைவிட மோசமானது 18 என்ற மதிப்பு. வணிகத்துக்கு முக்கியமான தரவுக்கு இதைப் பரிந்துரைப்பது வழக்கம். அதன் முதல் மூன்று பிட்கள் 2 ஆவதால், வைஃபையில் அது பின்னணி வகைக்கு, அதாவது சாதாரணப் போக்குவரத்துக்கும் கீழே, விழுந்துவிடுகிறது. 2018-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8325 இதைச் சரிசெய்யும் அட்டவணையைத் தந்தது. பழைய இயல்பு அமைப்போடு இயங்கும் கருவிகளில் நிர்வாகி கையால் மாற்றாதவரை பிழை நீடிக்கும்.

நிர்வாக எல்லையைத் தாண்டினால் குறியின் கதி இன்னும் நிச்சயமற்றது. சில வலையமைப்புகள் எல்லாவற்றையும் சுழியமாக்கிவிடுகின்றன. சில, பழைய முன்னுரிமை பிட்கள் மூன்றை மட்டும் அழிக்கின்றன. அப்போது 46 என்பது 6 ஆகிறது. 10, 18, 26, 34 என்ற நான்கு வெவ்வேறு வகைகளும் 2 என்ற ஒரே எண்ணாகிவிடுகின்றன. 2023-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9435 இத்தகைய மாற்றங்களை வகைப்படுத்தி ஆவணமாக்கியது. தாழ்ந்த முன்னுரிமைப் போக்குவரத்துக்குப் புதிய குறியாக 1 என்ற மதிப்பை ஆர்.எஃப்.சி. 8622 தேர்ந்ததிலும் இந்தப் பழைய பழக்கங்களின் பாதிப்பு இருக்கிறது. அதற்கு முன் பயன்பட்ட 8 என்ற குறியைச் சில கருவிகள் சாதாரணத்தைவிட உயர்ந்ததாகப் படித்தன. தாழ்வாகப் போகட்டும் என்று அனுப்பியவருக்கு எதிர்மாறான பலன் கிடைக்கக்கூடிய நிலை அது.

ஆக, அனுப்புபவரின் குறிக்கு இரண்டு பலவீனங்கள். எல்லோரும் தம் பாக்கெட்டை அவசரம் என்று எழுதலாம். எழுதியதை வழியில் எவரும் அழிக்கலாம். நிறுவனங்கள் கண்ட தீர்வு, நம்பிக்கை எல்லை ஒன்றை வகுத்து, அதற்கு வெளியிலிருந்து வரும் குறியை ஏற்காமல் இருப்பது. சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 2960, 3750 வகை ஸ்விட்ச்களில் தரக் கட்டுப்பாட்டை இயக்கியவுடன் எல்லா போர்ட்டுகளும் நம்பத்தகாதவையாக மாறி, வரும் குறிகள் சுழியமாக்கப்படும். தரத்தை மேம்படுத்த நினைத்து அந்த ஒரு கட்டளையை மட்டும் கொடுத்து நிறுத்தினால் தொலைபேசிக் குரல் முன்பிருந்ததைவிட மோசமாகும். அதே நிறுவனத்தின் பிந்தைய தலைமுறை ஸ்விட்ச்கள் குறியை இயல்பாகவே நம்புகின்றன. பழைய ஸ்விட்ச்சின் அமைப்பைப் புதியதற்கு வரிக்கு வரி நகலெடுப்பவர்கள், நம்பிக்கை பற்றிய இயல்பு முடிவு தலைகீழானதைக் கவனிக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

எண்களைப் பார்த்து முடிவெடுப்பது

அனுப்புபவரை நம்ப முடியாவிட்டால் ஹெடரையே படிக்கலாம். அனுப்புபவரின் முகவரி, பெறுபவரின் முகவரி, நெறிமுறை, இரு பக்கப் போர்ட் எண்கள் என்ற ஐந்து புலங்கள்தான் இந்த அணுகுமுறையின் அடிப்படை. அணுகல் பட்டியல் எழுதிய எந்த நிர்வாகிக்கும் இவை பழக்கமானவை. ஸ்விட்ச்சில் விதி எழுதும் வேலை பெரும்பாலும் இன்றும் இதுதான்: எந்தப் புலத்தில் எந்த மதிப்பு வந்தால் எந்த வகை என்று ஒரு கிளாஸ் மேப், ஒவ்வொரு வகைக்கும் என்ன செய்வது என்று ஒரு பாலிசி மேப், அதை எந்த போர்ட்டில் எந்தத் திசையில் பொருத்துவது என்று ஓர் இணைப்பு.

விதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இல்லை. தொண்ணூறுகளின் இறுதியில் இது கணினியியலின் சுவையான சிக்கல்களில் ஒன்றானது. ஒரே புலத்தில் தேடுவது எளிது. பல புலங்களில், ஒன்றன்மேல் ஒன்று படியும் விதிகளுக்கிடையே, முதலில் பொருந்துவதைக் கண்டுபிடிப்பது மோசமான நிலையில் மிக அதிக நினைவகத்தையோ மிக அதிக நேரத்தையோ கேட்கும். 1998-இல் லக்ஷ்மணும் ஸ்டிலியாடிஸும் பிட் வரிசைகளைக் கொண்டு ஒரு வழி சொன்னார்கள். 1999-இல் ஸ்ரீநிவாசன், சூரி, வர்கீஸ் மூவரும் விதிகளை அவற்றின் வடிவத்தைக் கொண்டு குழுக்களாக்கித் தேடும் முறையைத் தந்தார்கள். அதே ஆண்டில் குப்தாவும் மெக்கியோனும் 101 வலையமைப்புகளிலிருந்து திரட்டிய 793 விதித் தொகுப்புகளை, மொத்தம் 41,505 விதிகளை, ஆராய்ந்து வெளியிட்ட முடிவு திருப்புமுனையாக அமைந்தது. கோட்பாடு அஞ்சும் மோசமான நிலை நிஜத் தொகுப்புகளில் அரிதாகவே வருகிறது. மனிதர்கள் எழுதும் விதிகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைப் பயன்படுத்திக்கொண்டால் வேகமாகத் தேடலாம் என்பது அவர்கள் வாதம். தொகுப்பில் இருந்தும் ஒரு பயனும் இல்லாத, நீக்கினாலும் எதுவும் மாறாத விதிகள் கணிசமாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

ஸ்விட்ச் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வன்பொருளை நாடினார்கள். டி.கேம் எனப்படும் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் 0, 1, எதுவாயினும் சரி என்ற மூன்று நிலைகளில் ஒன்றை ஏற்கும். தேட வேண்டிய ஹெடரைக் கொடுத்தால் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் ஒப்பிடப்பட்டு, பொருந்துபவற்றில் மேலே உள்ளது விடையாக வரும். வேகத்தில் இதற்கு நிகரில்லை. மின்சாரமும் சிலிக்கான் பரப்பும் இதற்குக் கொடுக்கும் விலை. அதனால் வரிகளின் எண்ணிக்கை எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்.

விதி எழுதுபவர் இந்த வன்பொருளின் ஓர் இயல்பை அறிந்திருப்பது அவசியம். டி.கேமுக்கு வீச்சு தெரியாது. பிட் வடிவம் மட்டுமே தெரியும். போர்ட் எண் 16384 முதல் 32767 வரை என்ற விதி, இருமத்தில் 01 என்று தொடங்கும் எல்லா 16 பிட் எண்களையும் குறிப்பதால் ஒரே வரியில் அடங்கும். குரலுக்கு நெடுங்காலம் பயன்பட்ட வீச்சு இது. இதையே 32766 வரை என்று ஓர் எண் குறைத்து எழுதினால் 14 வரிகள் தேவைப்படும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலிக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் வீச்சுகளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். குரலுக்கான 50000–50019 இரண்டு வரிகள். காணொளிக்கான 50020–50039 மூன்று. திரைப் பகிர்வுக்கான 50040–50059 இன்னும் மூன்று. மனிதருக்கு இருபது இருபதாக ஒழுங்காகத் தெரிவது வன்பொருளுக்கு ஒழுங்காக இல்லை. மிக மோசமான நிலையில் ஒரு 16 பிட் வீச்சு 30 வரிகளாக விரியும். இரு பக்கப் போர்ட்டுகளிலும் அப்படி ஒரு வீச்சு இருந்தால் 900. சில ஸ்விட்ச்களில் வீச்சை ஒப்பிடத் தனிச் சுற்றுகள் உண்டு. அவற்றின் எண்ணிக்கையும் சொற்பமே. இடம் தீர்ந்தால் புதிய விதியை ஸ்விட்ச் மறுக்கலாம், அல்லது மென்பொருளுக்கு அனுப்பி மொத்தக் கருவியையும் மந்தமாக்கலாம். எது நடக்கும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும்.

வரிசையும் ஒரு கண்ணி. முதலில் பொருந்தும் விதியே வெல்லும் என்பதால், பரந்த விதி மேலேயும் குறுகிய விதி கீழேயும் இருந்தால் கீழே உள்ளது ஒருபோதும் செயல்படாது. தீச்சுவர் விதிகளில் இத்தகைய மறைவு, மிகை, முரண் ஆகியவற்றை அல்-ஷேரும் ஹமீதும் 2000களின் தொடக்கத்தில் முறைப்படி வகைப்படுத்தினார்கள். 2012-இல் காஸிமியான், வர்கீஸ், மெக்கியோன் ஆகியோர் ஹெடரைப் பல பரிமாண வெளியாகக் கருதி, ஒரு வலையமைப்பு முழுவதிலும் எந்தப் பாக்கெட் எங்கே போகும் என்று கணக்கிடும் முறையைத் தந்தார்கள். அன்றாட நிர்வாகத்தில் இத்தகைய சரிபார்ப்பு இன்னும் பரவலாகவில்லை. ஒரு கிளாஸ் மேப்பில் பல நிபந்தனைகள் எழுதும்போது அவை அனைத்தும் பொருந்த வேண்டும் என்பதே சிஸ்கோவில் இயல்பு. இரண்டு வேறு போர்ட் எண்களை இரண்டு நிபந்தனைகளாக அடுத்தடுத்து எழுதினால் எந்தப் பாக்கெட்டும் பொருந்தாது. அனைத்தும் இயல்பு வகைக்கு வழிந்துவிடும். பிழைச்செய்தியும் வராது.

எண்ணை நம்புவதில் இவற்றைவிட ஆழமான குறைகள் உண்டு. துண்டாக்கப்பட்ட ஐ.பி. பாக்கெட்டில் முதல் துண்டுக்கு மட்டுமே போர்ட் எண் இருக்கும். மற்றத் துண்டுகள் போர்ட் விதியில் சிக்காது. ஐபிசெக் சுரங்கத்துக்குள் போகும் பாக்கெட்டின் போர்ட் எண் வெளியே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போர்ட் எண் ஒரு வழக்கம் மட்டுமே. கட்டாயம் அல்ல. 2000களின் தொடக்கத்தில் கோப்புப் பகிர்வுச் செயலிகள் எந்தப் போர்ட்டிலும் ஓடத் தொடங்கின. இன்று உலகின் பெரும்பகுதி 443 என்ற ஒரே எண்ணுக்குள் அடைக்கலம் புகுந்திருக்கிறது. வங்கிப் பரிவர்த்தனையும் திரைப்படமும் மென்பொருள் புதுப்பிப்பும் அந்த எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்விட்ச்சுக்கு ஒன்றே.

உள்ளே திறந்து பார்ப்பது

எண் பொய் சொன்னால் உள்ளடக்கத்தைப் படிக்கலாம் என்ற வாதம் அடுத்து எழுந்தது. பாக்கெட்டின் உள்ளே இருக்கும் முத்திரைச் சொற்களைத் தேடிச் செயலியை அடையாளம் காணும் கருவிகள் பெருகின. துல்லியம் நன்றாகவே இருந்தது. விலை வேறு இடத்தில் வந்தது. 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டொரன்ட் இணைப்புகளைக் கண்டுபிடித்து, இணைப்பை முறிக்கும் போலிப் பாக்கெட்டுகளைச் செலுத்தியது வெளிச்சத்துக்கு வந்தது. 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்தது. அந்த ஆணையத்துக்கு அப்படி உத்தரவிடும் அதிகாரம் நிறுவப்படவில்லை என்று 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வகைப்பாடு அதுவரை பொறியாளர்களின் அறைக்குள் இருந்த விஷயம். அந்த வழக்குக்குப் பின் அது பொது விவாதமானது. இந்தியாவில் 2017 நவம்பரில் டிராய் அளித்த பரிந்துரைகளும், 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை அவற்றை ஏற்றதும் அதே விவாதத்தின் தொடர்ச்சி. நியாயமான போக்குவரத்து மேலாண்மைக்கு இடம் விட்டு, உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாகுபாடு செய்வதை அவை தடுக்கின்றன. ஒரு நிறுவனத்தின் உள் வலையமைப்புக்கும் பொது இணையச் சேவைக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தன் அலுவலகத்தின் தொலைபேசிக்கு முன்னுரிமை தருபவர் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை.

இந்த அணுகுமுறையைத் தொழில்நுட்பரீதியாக வலுவிழக்கச் செய்தது குறியாக்கம். 2018-இல் வந்த டி.எல்.எஸ். 1.3 சான்றிதழையும் மறைத்தது. 2021-இல் தரப்படுத்தப்பட்ட க்விக், போக்குவரத்து அடுக்கின் பெரும்பாலான தகவல்களையே மறைத்தது. இதை வலையமைப்பு நிர்வாகிகளுக்கு எதிரான சதியாகப் பார்ப்பவர்கள் உண்டு. பரவலான கண்காணிப்பு ஒரு தாக்குதல் என்று இணையப் பொறியியல் சமூகம் 2014-இல் ஆர்.எஃப்.சி. 7258 மூலம் அறிவித்ததை மறந்துவிட்டுச் சொல்லும் வாதம் அது. உள்ளே பார்ப்பதை நிறுத்துவதுதான் குறியாக்கத்தின் நோக்கம். அது நிறைவேறியதைக் குறையாகச் சொல்வதில் பொருளில்லை.

நடத்தையை வைத்து ஊகிப்பது

உள்ளே பார்க்க முடியாவிட்டாலும் பாக்கெட்டின் அளவு, இடைவெளி, திசை ஆகியவை தெரியும். குரல் சிறிய பாக்கெட்டுகளாகச் சீரான இடைவெளியில் போகும். கோப்பு பெரிய பாக்கெட்டுகளாக வெள்ளமாய்ப் பாயும். 2005-இல் மூரும் சூயெவும் எளிய பேயஸ் முறையில் சுமார் 65 விழுக்காடு ஓட்டங்களைச் சரியாக வகைப்படுத்தி, இரண்டு மேம்பாடுகளுக்குப் பிறகு 95 விழுக்காட்டைத் தாண்டியதாக அறிவித்தார்கள். ஓர் ஓட்டத்தின் முதல் சில பாக்கெட்டுகளே போதும் என்று அடுத்த ஆண்டே வேறு சிலர் காட்டினார்கள். அதன்பின் வந்த ஆய்வுகளின் எண்ணிக்கை மிகப் பெரியது. முடிவெடுப்பு மரங்களை ஸ்விட்ச்சின் அட்டவணைகளாகவே மாற்றி ஓடவிடும் முயற்சிகளும் 2019 முதல் வருகின்றன.

இந்த எண்களை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சித் தரவின் சரியான விடை பெரும்பாலும் உள்ளே திறந்து பார்க்கும் கருவியிலிருந்தே எடுக்கப்பட்டது. அந்தக் கருவி குருடாகிவரும்போது புதிய பயிற்சித் தரவு எங்கிருந்து வரும்? ஒரு வளாகத்தில் கற்றது இன்னொரு வளாகத்தில் பொருந்துமா? செயலி தன் அடுத்த பதிப்பில் பாக்கெட் அளவை மாற்றினால் என்ன ஆகும்? 2012-இல் டைனோட்டி, பெஸ்காப்பே, கிளாஃபி ஆகியோர் இந்தத் துறையின் நிலையை மதிப்பிட்டபோது, பகிரக்கூடிய தரவும் ஒப்பிடத்தக்க அளவுகோலும் இல்லாததைச் சுட்டினார்கள். அந்தக் குறை இன்றும் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது.

அளப்பதற்கு வகைபிரிப்பதும், தீர்ப்புக்கு வகைபிரிப்பதும் வேறு என்பதை இந்த ஆய்வுகள் பல சமயம் பிரித்துப் பார்ப்பதில்லை. மாதாந்திர அறிக்கையில் ஐந்து விழுக்காடு பிழை ஒரு சிறு திருத்தம். முன்னுரிமை க்யூவில் அதே ஐந்து விழுக்காடு, மருத்துவமனையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பாக இருக்கலாம். அந்த அழைப்பு ஏன் உடைந்தது என்று நிர்வாகியால் எந்த விதியையும் சுட்டிக்காட்டிச் சொல்லவும் முடியாது. ஊகத்தை அளவீட்டுக்கு வைத்துக்கொள்வதே இப்போதைக்குப் பொருத்தம்.

மையத்தில் கேட்பது, கருவியைக் கேட்பது

2008-இல் வந்த ஓபன்ஃப்ளோ, முடிவெடுக்கும் மூளையை ஸ்விட்ச்சிலிருந்து பிரித்து ஒரு மையக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மாற்றியது. 2009 டிசம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பு 12 புலங்களைப் பார்த்தது. 2013-க்குள் அது 41 ஆனது. ஒவ்வொரு புதிய நெறிமுறைக்கும் புலம் சேர்த்துக்கொண்டே போவதற்கு முடிவில்லை என்று உணர்ந்தவர்கள், எந்தப் புலத்தைப் படிப்பது என்பதையே நிரலாக எழுதும் பி4 மொழியை 2014-இல் முன்வைத்தார்கள். மெய்நிகர் கணினிகளுக்கு இடையே ஓடும் ஓபன் வி-ஸ்விட்ச் மென்பொருள், விதிகள் அடிக்கடி மாறும் சூழலுக்கு ஏற்றதென்று 1999-ஆம் ஆண்டின் குழுவாக்கித் தேடும் முறையையே எடுத்துக்கொண்டது. அந்தக் குழுக்களின் எண்ணிக்கையைச் சில தந்திரமான பாக்கெட்டுகளால் ஊதிப் பெருக்கி ஸ்விட்ச்சைத் திணறடிக்கலாம் என்று 2019-இல் காட்டப்பட்டது. மோசமான நிலை அரிது என்ற பழைய வாதத்துக்கு அது ஒரு தக்க பதில். தற்செயலாக அரிதாக இருப்பது எதிராளி வேண்டுமென்றே உருவாக்கும்போது அரிதாக இருக்காது.

கருவியோடு உரையாடும் வழி இதைவிட அடக்கமானது. எனக்கு அதிக நம்பிக்கை தருவதும் அதுவே. 2006-இல் தரப்படுத்தப்பட்ட எல்.எல்.டி.பி.-மெட் நெறிமுறை மூலம், இணையும் தொலைபேசிக்கு எந்த வி-லேன், எந்த முன்னுரிமை, எந்த டி.எஸ்.சி.பி. என்று ஸ்விட்ச்சே சொல்லிவிடுகிறது. குறியிடுவது கருவி, என்ன குறியென்று சொல்வது நிர்வாகி. 2019-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8520, இணையத்தில் இணையும் சிறு கருவிகளின் தயாரிப்பாளரே அவற்றின் இயல்பான போக்குவரத்தை விவரிக்க வழி செய்தது. ஒரு கேமரா யாரோடு பேச வேண்டும் என்பதை அதைச் செய்தவரைவிட அறிந்தவர் யார்? தயாரிப்பாளர் பொய் சொல்லவும் புதுப்பிக்க மறக்கவும் கூடும் என்ற குறை இங்கேயும் உண்டு. பொய் சொன்னவர் யார் என்பதாவது இங்கே தெரியும்.

பிரிக்கவே வேண்டாம் என்ற வாதம்

இன்டர்நெட்2 அமைப்பு தன் வலையமைப்பில் உயர்தரச் சேவையொன்றை அமைக்க முயன்று நிறுத்தியபின், 2002 மே மாதம் டைட்டல்பாமும் ஷலுனோவும் அது ஏன் நடைமுறைக்கு வரவில்லை, பெரும்பாலும் ஏன் வராது என்று விளக்கி எழுதினார்கள். நெரிசல் இல்லாதபோது முன்னுரிமைக்குப் பயன் இல்லை; நெரிசல் இருந்தால் பேண்ட்வித்தைக் கூட்டுவது மலிவு; எல்லை கடக்கும் நம்பிக்கையை ஏற்படுத்துவது செலவு. இந்த வாதம் முதுகெலும்பு வலையமைப்புகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியாகவே நிலைத்திருக்கிறது. வைஃபை, கிளை அலுவலகங்களின் குறுகிய இணைப்புகள், பத்து சர்வர்கள் ஒரே நொடியில் ஒரு சர்வருக்குப் பதிலனுப்பும் தரவு மையங்கள் ஆகியவற்றில் அது அவ்வளவு வலுவாக இல்லை. சராசரியில் காலியாகத் தெரியும் இணைப்பு சில மில்லிநொடிகள் மட்டும் நிரம்பி வழியலாம்.

இன்னொரு கிளை, வகை தெரியாமலேயே நியாயமாக நடத்த முடியும் என்கிறது. 2018-இல் ஆவணமாகிய எஃப்.கியூ-கோடெல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி க்யூ தந்து, க்யூவில் தேங்காத மெல்லிய ஓட்டங்களை முன்னால் விடுகிறது. எது குரல் என்று கேட்காமலேயே குரல் முந்திவிடும். வீட்டு ரவுட்டர்களில் இது சிறப்பாக வேலை செய்கிறது. நூறு ஜிகாபிட் ஸ்விட்ச்சின் சில்லில் அத்தனை க்யூக்களுக்கு இடம் தருவது எளிதல்ல. 2023 ஜனவரியில் வந்த எல்4எஸ் ஆவணங்கள், தாமதத்துக்கு மதிப்புத் தரும் அனுப்புநர்கள் நெரிசல் பிட்டில் ஒரு குறியிட்டு, அதற்கு ஈடாகத் தம் வேகத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்கின்றன. பொய்யாகக் குறியிடுபவருக்குக் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1981-இன் கேள்வி வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இப்போதைய நிலை

கிடைத்துள்ள சான்றுகளைக் கொண்டு சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். குறியிடுபவரும் க்யூவை நடத்துபவரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் இடத்தில் டிஃப்சர்வ் நன்றாக வேலை செய்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் அதை நம்புவதற்கு ஆதாரம் குறைவு. வகைபிரிப்பை அணுகல் ஸ்விட்ச்சில் ஒரே முறை செய்வதும், எந்த போர்ட்டில் எந்தக் கருவி என்ற நிர்வாகியின் அறிவை முதன்மையாகக் கொள்வதும், போர்ட் எண்ணை இரண்டாம் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வதும் பாதுகாப்பான வழி. 2006-இன் ஆர்.எஃப்.சி. 4594 பன்னிரண்டு வகைகளைப் பட்டியலிட்டாலும் பெரும்பாலான நிறுவனங்களுக்கு நான்கு போதும்: குரல், முக்கியமானவை, சாதாரணம், காத்திருக்கக்கூடியவை. ஒவ்வொரு விதியும் எத்தனை பாக்கெட்டுகளைத் தொட்டது என்ற எண்ணிக்கையை ஸ்விட்ச் காட்டும். மாதக்கணக்கில் சுழியத்தில் நிற்கும் விதி மேலே உள்ள ஏதோ ஒன்றால் மறைக்கப்பட்டிருக்கலாம்.

திறந்திருக்கும் கேள்விகள் வேறு தளத்தில் உள்ளன. எல்லை கடந்தும் நம்பத்தக்க குறி சாத்தியமா? முழுக் குறியாக்கத்துக்குப் பின் ஊகிக்கும் முறைகளை எதைக் கொண்டு சரிபார்ப்பது? குறி தேவைப்படாத க்யூக்கள் பெரிய ஸ்விட்ச்களுக்கு எப்போது வரும்? இவற்றைத் தீர்க்க முதலில் தேவைப்படுவது நிஜமான விதித் தொகுப்புகள். 2005-இல் டெய்லரும் டர்னரும் உருவாக்கிய கிளாஸ்பெஞ்ச் என்ற கருவி, வெறும் 12 நிஜத் தொகுப்புகளின் இயல்பை வைத்துச் செயற்கைத் தொகுப்புகளை உற்பத்தி செய்கிறது. அதன்பின் வந்த வேகத் தேடல் ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தச் செயற்கைத் தொகுப்புகளிலேயே சோதிக்கப்பட்டது. பாதுகாப்புக் கருதி நிறுவனங்கள் தம் விதிகளை வெளியிடத் தயங்குவது புரிந்துகொள்ளத்தக்கது. முகவரிகளை மாற்றி, வடிவத்தை மட்டும் காத்து வெளியிட முடியும். பல்கலைக்கழகங்களும் பொது நிதியில் இயங்கும் ஆய்வு வலையமைப்புகளும் தங்கள் ஸ்விட்ச்களின் விதித் தொகுப்புகளை அப்படி வெளியிட முன்வர வேண்டும்.